படிகாரம்

மின்கணக்கு எடுக்கிற வேலை எனக்கு.
நாகமலை புதுக்கோட்டை, வடிவேல்கரை, கீழக்குயில்குடி.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே நாய்கள்,
அதே கேட்டு,
அதே "போன தடவை இவ்வளவு வரலையே".
மலைச்சரிவில் ஆவாரை காய்த்திருந்தது.
கருவியைக் கக்கத்தில் இடுக்கி
உலர்ந்த நெற்று நாலைந்து பறித்து
ரசீதுக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன்.
யாருடைய யூனிட்டோ அது.

"ரோட்டில் சும்மா கிடக்கிறதை
வீட்டில் வைத்து வளர்ப்பாளா ஒருத்தி?"
எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் கேட்டாள்.
சும்மா முளைக்கவில்லை.
முதல் பத்து விதை மண்ணோடு போச்சு.
அடுத்த பத்தை உப்புத்தாளில் உரசி
கொதி அடங்கிய வெந்நீரில் ஒரு ராத்திரி போட்டேன்.
ஏழு உப்பின. நாலு முளைவிட்டன.
ஒன்றைக் கோழி.
மிச்சம் மூன்று.

முதல் வருஷம் இலை மட்டும்தான்.
அதிகம் தண்ணீர் விட்டால்
பூவில் காட்டவேண்டிய மஞ்சளை இலையில் காட்டியது.
குழாய் வராத சித்திரையில் மறந்தே போனேன்.
அதற்கு அதுதான் வேண்டியிருந்தது போல.
மறு கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலை,
மூன்று செடியும் விளக்குப் போட்டிருந்தன.

பூத்ததும் பங்குச் சண்டை.
வீட்டுக்காரர் பெயர் சீனிச்சாமி.
பெயரில் இருந்தது ரத்தத்தில் இறங்கி ஆறு வருஷம்.
பூவை நிழலில் உலர்த்தி, கிள்ளுச் சுக்கு தட்டிப் போட்டு
காலையில் ஒரு டம்ளர்.
பால் கூடாது. சீனி என்ற பேச்சே கூடாது.
எனக்குத் துணி வேண்டும்.
அரைக்கிலோ பூவுக்கு ஒரு துண்டுதான் நிறமேறும்
என்று தெரிந்த நாளிலிருந்து
மீட்டர் பார்க்கிற அதே கண்ணால்
அவர் டம்ளரைப் பார்க்கிறேன்.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ
என்று உறிஞ்சுவார்.
கண்டிருக்கிறேன்.
போன தை, வேலி நிறையப் பூத்திருந்த வீட்டில்
இணைப்பை என் பெயருக்கு மாற்றவேண்டும் என்று
மகன் மனுவை நீட்டினான்.
அவரிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு, அடுப்பில் இரண்டு எவர்சில்வர் சட்டி.
இரண்டும் என் கல்யாணச் சீர், அச்சில் வார்த்த மாதிரி.
ஒன்று குடிக்க.
ஒன்று படிகாரம் போட்டது.
போன் வந்தது; பேசிவிட்டு வந்தேன்.
டம்ளரைக் கீழே வைத்து என்னையே பார்த்தார்,
உதடு குவிந்து
விசிலடிக்கப் போகிறவர் போல.
விசில் வரவில்லை.
மத்தியானம்வரை பேச்சும் வரவில்லை.
அது புரியாமல் நான் மற்றச் சட்டியில் முக்கிய துண்டு
சுக்கு மணத்தோடு அருமையாய்க் காய்ந்தது.
மூன்றாம் சலவையில் பழைய வெள்ளை.

பிடித்துவைக்க ஒன்று வேண்டியிருக்கிறது துணிக்கு.
மனுசனுக்கு என்னவென்று தெரியவில்லை.
பரிசோதனைத் தாளில் இருநூற்றுப் பதினெட்டு,
அப்புறம் இருநூற்றுப் பத்து.
எட்டைக் குறைத்தது பூவா,
ராத்திரிச் சோற்றை நான் ஒளித்துவைத்ததா?
மீட்டர் எண்ணைத்தான் சொல்லும்.
எந்த விளக்கு எரிந்ததென்று சொல்லாது.

இப்போது சட்டிக்கு நூல் கட்டியிருக்கிறேன்.
இரண்டாவது துண்டு பத்துச் சலவை கண்டும்
வெளுக்கவில்லை.
அதைத் தோளில் போட்டுத்தான் அவர் குடிக்கிறார்,
என் பங்கைச் சுமந்துகொண்டு தன் பங்கை.

இன்று இலையடியில் மூன்றாவது பங்காளி.
பச்சைப் புழுக்கள், காம்புவரை தின்றிருந்தன.
வேப்பெண்ணெய் தேடப்போனவளை
அவர்தான் கூப்பிட்டார், வாயில் பல்பொடியோடு.
காலிக் கூடொன்று தொங்கியது.
பக்கத்தில் ஈரம் காயாத சின்ன மஞ்சள் இறக்கை.
சுக்கும் இல்லை, படிகாரமும் இல்லை.
"இதுக்கு எத்தனை யூனிட் போடுவே?"
நான் குனிவதற்குள் சுவர் தாண்டிவிட்டது.

கதவு பூட்டு என்று குறித்துக்கொண்டு
வேலைக்குக் கிளம்பினேன்.